பாதியில் நின்ற ரீசைஸ்: காணாமல் போன டி டிரைவை எடுப்பது எப்படி

தம்பி, முதல் வேலையாக அந்த லேப்டாப்பை ஆஃப் பண்ணிவிடு. மீதியை ஃபோனில் படி.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று நீ எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வள்ளியூரில் உன் வீட்டில் ஒரு பழைய லேப்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10-ம் உபுண்டுவும் ஒன்றாக இருக்கின்றன. டிஸ்க்கில் முதலில் சி டிரைவ், நடுவில் உபுண்டு, கடைசியில் 681 ஜிபி-க்கு டி டிரைவ். உபுண்டுவுக்கு இடம் போதவில்லை என்று, டிஸ்க்கைப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரிக்கும் ஒரு இலவச மென்பொருளை விண்டோஸில் திறந்து, டி டிரைவின் இடது ஓரத்தைப் பிடித்து 100 ஜிபி வலப்பக்கம் இழுத்துவிட்டு அப்ளை கொடுத்திருக்கிறாய். ரீஸ்டார்ட் ஆகி, 40 சதவீதம் வாக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. பேட்டரி ஏற்கெனவே செத்துப்போனதால் அந்த நொடியே எல்லாம் அணைந்துவிட்டது. இப்போது விண்டோஸ் வருகிறது, உபுண்டுவும் வருகிறது, டி மட்டும் இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த இடம் முழுக்க 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாக நிற்கிறது. உள்ளே அப்பா கடையின் டேலி கணக்கும் அக்கா கல்யாணப் படங்களும். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் "ஃபார்மேட் அடிச்சிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினா எல்லாம் வந்துரும்லா" என்றார்களாம். செய்யலாமா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறாய்.

செய்யாதே. ஃபார்மேட் என்பது புதிய கோப்புப் பட்டியலை அதே இடத்தில் எழுதுகிற வேலை. குவிக் ஃபார்மேட்டே பழைய பட்டியலின் தலைப்பகுதியை அழித்துவிடும். விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸில் முழு ஃபார்மேட் கொடுத்தால் பார்ட்டிஷன் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதப்படும், அப்புறம் யாராலும் எதுவும் பண்ண முடியாது. ஆஃப் பண்ணச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரி மென்பொருள்கள் அடுத்த பூட்டில் ஓட வேண்டும் என்று விண்டோஸில் ஒரு வேலையைப் பதிந்து வைக்கும். அது விட்ட வேலையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டால், இப்போது மீட்கக்கூடியது அப்போது மீட்க முடியாததாகிவிடும்.

பயப்படவும் வேண்டாம். பார்ட்டிஷன் டேபிள் என்பது பட்டா மாதிரி. பட்டா தொலைந்ததால் வயல் எங்கும் போய்விடாது. பழைய எம்பிஆர் முறையில் அந்த டேபிள் டிஸ்க்கின் முதல் செக்டரான (செக்டர் என்பது டிஸ்க்கை எண்ணும் சிறு கட்டம்) 512 பைட்டுக்குள் அடங்கிவிடும், அதில் நான்கு பார்ட்டிஷனுக்குத்தான் இடம், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். இப்போதைய ஜிபிடி முறையில் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் அதன் நகலும் என்று இரண்டு இருக்கும். எந்த முறையானாலும் அதில் இருப்பது 'இந்த செக்டரில் ஆரம்பம், இந்த செக்டரில் முடிவு' என்ற எண்கள்தான். உன் மென்பொருள் வேலையை ஆரம்பிக்கும்போதே டியின் பதிவை எடுத்துவிட்டு, முடிந்தபின் புதிதாக எழுதலாம் என்று இருந்திருக்கிறது. (இப்படிச் செய்வது புதிதும் இல்லை. அந்தக் காலத்துப் பார்ட்டிஷன் மேஜிக், வேலை நடக்கும்போது வேறு யாரும் தொடாமலிருக்க அந்தப் பார்ட்டிஷனின் வகை எண்ணையே தற்காலிகமாக மாற்றி வைக்கும். கரண்ட் போனால் அந்த எண்ணோடேயே நின்றுவிடும்.) பதிவு போனதால் விண்டோஸுக்கு அது காலி இடமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பதிவு மட்டும் போன கேஸ் என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை வைத்து அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், இணையத்தில் பாதிப் பேர் சொல்லும் தீர்வும் அதுதான். உன் கேஸ் அதைவிட ஒரு படி சிக்கலானது. இடது ஓரத்தை நகர்த்தினால் பார்ட்டிஷனின் ஆரம்ப இடமே மாறுகிறது, அதாவது உள்ளே இருக்கும் எல்லாம் 100 ஜிபி தள்ளிப் போய் உட்கார வேண்டும். 40 சதவீதத்தில் நின்றது என்றால் கொஞ்சம் புது இடத்திலும் மீதி பழைய இடத்திலும் கிடக்க வாய்ப்பு அதிகம். அதனால் எந்த மென்பொருள் என்று யோசிக்கும் முன், வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன், அந்த இடத்தைக் கவனமாகப் படி.

அதற்கு முன்னால் டிஸ்க்கை முழுசாக நகல் எடுக்க வேண்டும். இதைத் தாண்டிப் போக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 1 டிபி டிஸ்க்குக்கு 2 டிபி எக்ஸ்டர்னல் வேண்டும். விலைக்கு வாங்க முடியாவிட்டால், கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ அண்ணாச்சிமாரிடம் 4 டிபி டிஸ்க் கையில் இருக்கும், ஒரு வாரத்துக்குக் கேட்டால் தெரிந்தவர்கள் தருவார்கள், அக்கா ஆல்பம் பண்ணின ஸ்டுடியோவிலேயே கேளேன். (அவர்களிடம் படங்களின் ஒரிஜினலே இன்னும் இருக்கிறதா என்றும் அப்படியே கேட்டுவிடு.) இரவல் டிஸ்க்கில் அவர்கள் ஃபைல் இருந்தால் இருக்கட்டும், காலியிடம் 1 டிபி-க்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். ஆனால் அது ஃபேட் 32 ஆக இருக்கக் கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி-க்கு மேல் போகாது.

உன் லேப்டாப்பிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி கேபிளில் மாட்டி, பேட்டரி நன்றாக உள்ள இன்னொரு லேப்டாப்பில் செய்வதுதான் என் விருப்பம். ஆனி ஆடியில் வள்ளியூர் பணகுடிப் பக்கம் அடிக்கிற காற்றுக்கு எப்போது லைன் போகும் என்று சொல்ல முடியாது, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வேறு. பேப்பரில் உங்கள் துணைமின் நிலையத்தின் பெயர் வருகிற நாளை விட்டுவிட்டு வைத்துக்கொள். அந்த இன்னொரு லேப்டாப்பை சிஸ்டம்ரெஸ்க்யூ (மீட்பு வேலைக்கான லினக்ஸ்) பென்டிரைவில் பூட் செய். உபுண்டு லைவ் பென்டிரைவும் போதும், ஆனால் அதன் டெஸ்க்டாப், யுஎஸ்பியில் மாட்டிய டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைத் தானாகவே திறந்துவிடப் பார்க்கும். அந்த ஆட்டோமவுண்ட்டை முன்கூட்டியே அணைத்துவிடு, டிஸ்க்கை மாட்டியதும் ப்ளாக்டெவ் கட்டளையால் அதை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும், எழுத முடியாது) ஆக்கிவிடு.

நகல் எடுக்க ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கட்டளை. முதலில் சோர்ஸ், அடுத்து நகல் ஃபைலின் பெயர், மூன்றாவதாக மேப்ஃபைல் பெயர், இந்த வரிசையில் கொடுக்க வேண்டும். சோர்ஸும் நகலும் இடம் மாறினால் கதை முடிந்தது, அதனால் டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பாமல் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் மாடலையும் அளவையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார். மேப்ஃபைலை விட்டுவிடாதே, நடுவில் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், படிக்க முடியாத செக்டர்களையும் அதுதான் குறித்து வைக்கும். யுஎஸ்பி 3 போர்ட்டில் மூன்று நான்கு மணி நேரம், யுஎஸ்பி 2 என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். அவசரப்படாமல் பைய ஓடட்டும். ஓடும்போது பிழைகள் குவிந்தாலோ டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ நிறுத்திவிடு, அது தட்டிலோ ஹெட்டிலோ கோளாறு, இந்தப் பதில் அதற்குப் பொருந்தாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்கை வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கரண்ட் கொடுத்துப் பார்க்காமல், டிஸ்க்கைத் திறந்து வேலை பார்க்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

நகல் கிடைத்ததும் ஒரிஜினல் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடு. இனி எல்லா வேலையும் நகலில்தான்.

இப்போது கட்டத்தைக் கண்டுபிடிப்போம். எளிதாக இருக்க, டி டிரைவ் டிஸ்க்கின் 250-வது ஜிபியில் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்கிறேன். ஜிபி என்று நான் சொல்வதெல்லாம் விண்டோஸ் காட்டுவது போல 1024 கணக்கில், ஒரு ஜிபிக்கு 20,97,152 செக்டர். பழைய டி: 250-லிருந்து 931 வரை, 681 ஜிபி. நீ கேட்ட புது டி: 350-லிருந்து 931 வரை, 581 ஜிபி. உன் டிஸ்க்கில் எண்கள் வேறாக இருக்கும், முறை இதுதான். பழைய ஆரம்ப எண் நினைவில்லை என்றால் உபுண்டு பார்ட்டிஷனை ரீட்-ஒன்லியாகத் திறந்து, வார் ஃபோல்டரில் லாக், அதற்குள் இன்ஸ்டாலர் என்று போய்ப் பார். பழைய உபுண்டு இன்ஸ்டாலர் என்றால் அங்கே பார்ட்மேன் என்று ஒரு ஃபைல் இருக்கும், நீ உபுண்டு போட்ட அன்று டிஸ்க் எப்படிப் பிரிந்திருந்தது என்பது அதில் பதிந்திருக்கும்.

இப்படி இடது ஓரத்தை வலப்பக்கம் தள்ளும்போது இரண்டு வேலை நடக்கும். முதலில் டியில் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்பு 681-லிருந்து 581 ஆகச் சுருங்கும். வால் பக்கம் இருக்கும் ஃபைல்கள் மட்டும் உள்ளே இடம் மாறும், ஆரம்ப இடம் மாறாது. அடுத்து அந்த 581 ஜிபியும் அப்படியே 100 ஜிபி வலப்பக்கம் நகரும். பழைய இடமும் புது இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிவதால், வலப்பக்கம் நகர்த்தும்போது வாலிலிருந்து தலையை நோக்கித்தான் நகலெடுக்க முடியும், தலையிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் படிக்காத டேட்டாவின்மேலேயே எழுத வேண்டி வரும். இடப்பக்கம் நகர்த்தினால் நேர்மாறு, தலையிலிருந்து ஆரம்பிக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நகலில் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள் இது, பல வருஷமாக நம்பிப் பயன்படுத்துகிறோம். முதலில் குவிக் சர்ச், பிறகு டீப்பர் சர்ச். அது டிஸ்க் முழுக்க என்டிஎஃப்எஸ் பூட் செக்டர்களை (கோப்பமைப்பின் அடையாளம் எழுதியிருக்கும் செக்டர்) தேடும். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரை இரண்டு இடத்தில் வைக்கும்: பார்ட்டிஷனின் முதல் செக்டரில் ஒன்று, கடைசி செக்டரில் அதன் நகல். அந்த பூட் செக்டருக்குள்ளேயே பார்ட்டிஷன் எத்தனை செக்டர் என்றும் எழுதியிருக்கும். இந்த இரண்டு விஷயமும் சேர்ந்து நமக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

250-வது ஜிபியில் பூட் செக்டர் கிடைத்து, அதில் எழுதியிருக்கும் அளவு இன்னும் 681 என்றால் வேலை சுருக்கும் கட்டத்தையே தாண்டவில்லை. டெஸ்ட்டிஸ்க்கில் அந்தப் பார்ட்டிஷன்மேல் பி அழுத்தி ஃபைல்களைப் பார்த்து, சி அழுத்தி வெளியே நகலெடுத்துவிடலாம். 350-வது ஜிபியில் பூட் செக்டர் இருந்தால், தலை கடைசியாகத்தான் நகரும் என்பதால், நகர்த்தும் வேலை முழுதும் முடிந்துவிட்டது, டேபிளில் எழுதுவது மட்டும் பாக்கி. இதுவும் சுலபம், புது இடத்திலிருந்து ஃபைல்களை எடுத்துக்கொள். ஆனால் 250-ல் பூட் செக்டர் இருந்து, அளவு 581 என்று காட்டி, கூடவே டிஸ்க்கின் வாலில் கிடைத்த நகல் பூட் செக்டரை வைத்து '350-ல் ஆரம்பிக்கும் 581 ஜிபி' என்று இன்னொரு பார்ட்டிஷனையும் டெஸ்ட்டிஸ்க் காட்டினால், நகர்த்தும் வேலையின் நடுவில் நின்றிருக்கிறது. நீ சொல்கிற 40 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் உனக்கு இதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

கவனமாகப் படிக்கச் சொன்ன இடம் இதுதான். 250-ல் ஆரம்பிக்கும் பார்ட்டிஷன்மேல் பி அழுத்தினால் ஃபைல் பட்டியல் அழகாக வரும். ஏனென்றால் என்டிஎஃப்எஸ்ஸின் கோப்புப் பட்டியலான எம்எஃப்டி, விண்டோஸில் ஃபார்மேட் செய்த பெரிய டிரைவ்களில் வழக்கமாக ஆரம்பத்திலிருந்து 3 ஜிபி தள்ளி இருக்கும், அது இன்னும் பழைய இடத்திலேயே பத்திரமாக உள்ளது. பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாகத் தெரியும். டேட்டா கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு நகலெடுத்தால் பாதி ஃபைல் திறக்கும், மீதி சிதைந்து நிற்கும், காரணம் வால் பக்கத்து டேட்டா 100 ஜிபி தள்ளிப் போய்விட்டது, பழைய இடத்தில் வேறு எதுவோ கிடக்கிறது. கடைகளில் ஓட்டும் ரெக்கவரி மென்பொருள்களும் இதே பட்டியலைத்தான் படிக்கின்றன, அதனால் 'எல்லா ஃபைலும் வந்துவிட்டது, சிலது கரப்ட்' என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். கரப்ட் ஆன ஃபைல்கள் உண்மையில் முழுசாக இருக்கின்றன, 100 ஜிபி தள்ளி. இதைவிட மோசம், டேபிளில் அந்தப் பார்ட்டிஷனை எழுதி விண்டோஸில் திறப்பது. விண்டோஸ் செக்டிஸ்க் என்ற பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டி, தனக்குப் புரியாத இடங்களையெல்லாம் 'சரிசெய்து' விடும்.

சரி, எப்படிச் சேர்ப்பது? வெட்டுப்பட்ட இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. 40 சதவீதம் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், 581-ல் சுமார் 232 ஜிபி நகர்ந்திருக்கும், அதாவது டியின் ஆரம்பத்திலிருந்து எண்ணினால் 349-க்கு மேல் உள்ளதெல்லாம் புது இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் நகலெடுத்த உடனே பழைய பிரதி அழிவதில்லை, அதன்மேல் வேறொன்று வந்து எழுதும்போதுதான் அழியும். 349-லிருந்து 449 வரை உள்ள 100 ஜிபியின் பழைய பிரதிமேல் இன்னும் யாரும் எழுதவில்லை. அந்த 100 ஜிபி டேட்டா பழைய இடத்திலும் இருக்கிறது, புது இடத்திலும் இருக்கிறது. எத்தனை ஜிபி தள்ளினாயோ அத்தனை ஜிபிக்கு இந்த இரட்டைப் பிரதி கிடைக்கும். அந்தப் பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒரு புள்ளி வைத்து, அதுவரைக்கும் பழைய இடத்திலிருந்தும் அதற்குமேல் புது இடத்திலிருந்தும் எடுத்தால் முழு டி டிரைவும் ஒட்டிக்கொள்ளும்.

மென்பொருள் காட்டும் சதவீதத்தில் சுருக்கும் வேலையும் சேர்ந்திருக்கலாம், அதனால் சோதித்துப் பார்த்துத்தான் புள்ளி வைக்க வேண்டும். நகல் ஃபைலில் டியின் ஆரம்பத்திலிருந்து 300 ஜிபி தள்ளி ஒரு எம்பி எடு, அதற்கு 100 ஜிபி அந்தப் பக்கம் ஒரு எம்பி எடு, இரண்டும் ஒன்றா என்று சிஎம்பி கட்டளையால் ஒப்பிடு. இரண்டு இடத்துக்கும் தனித்தனி ஆஃப்செட்டும் (ஆரம்பத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பது) எத்தனை பைட் என்பதும் அதிலேயே கொடுக்கலாம். அப்புறம் 320, 340, 360, 380 என்று போய்க்கொண்டே இரு. ஒன்றாக இருக்கும் பகுதி ஆரம்பிப்பதும் முடிவதும் தெரிந்துவிடும், அதன் அகலம் 100 ஜிபி வாக்கில் வந்தால் நம் கணக்கு சரி. இரண்டு எச்சரிக்கை மட்டும். வெறும் பூஜ்ஜியமாகக் கிடக்கும் காலியிடம் எங்கே ஒப்பிட்டாலும் ஒன்றாகத்தான் இருக்கும், அதை சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. அதே போல், சில மென்பொருள்கள் ஃபைல் உள்ள இடங்களை மட்டும் நகர்த்தி, காலியிடத்தைத் தாண்டிவிடும், அங்கே ஒப்பிட்டால் ஒத்துவராது. அதனால் ஒரு இடத்தில் பொருந்தவில்லை என்றால் பக்கத்தில் நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வா.

டியின் ஆரம்பத்திலிருந்து 400 ஜிபியில் புள்ளி வைக்கிறோம் என்று வைத்துக்கொள். ஒட்டுவதற்கு மறுபடி டேட்டாவை நகலெடுக்கத் தேவையில்லை, லினக்ஸில் டிஎம்செட்டப் என்று ஒரு கட்டளை இருக்கிறது, டிஸ்க்கின் வெவ்வேறு துண்டுகளை ஒரே டிஸ்க் போல அடுக்கிக் காட்டும். முதலில் லோசெட்டப் கட்டளையை வைத்து நகல் ஃபைலை ரீட்-ஒன்லி லூப் டிவைஸாக (ஃபைலையே டிஸ்க் போலக் காட்டுவது) ஆக்கு. பிறகு டிஎம்செட்டப்புக்கு இரண்டு வரி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வரிசை இது: எங்கே ஆரம்பிக்க வேண்டும், எத்தனை செக்டர், லீனியர் என்ற வார்த்தை, லூப் டிவைஸின் பெயர், அதில் எந்த செக்டரிலிருந்து எடுக்க வேண்டும். நம் எண்களில் முதல் வரி: 0, அடுத்து 83,88,60,800, பிறகு லீனியர், லூப், 52,42,88,000. இரண்டாவது வரி: 83,88,60,800, அடுத்து 37,95,84,512, பிறகு லீனியர், லூப், 1,57,28,64,000. கட்டளையில் கமா எதுவும் வராது, நீ படிக்க வசதியாகத்தான் போட்டிருக்கிறேன். கடைசி எண் எப்படி வந்தது என்றால், புது ஆரம்பம் 350, அதோடு புள்ளி 400, மொத்தம் 750 ஜிபி, அதைச் செக்டராக்கினால் அதுதான். இரண்டு வரியின் நீளத்தையும் கூட்டினால் 581 ஜிபி வர வேண்டும், வருகிறதா என்று நீயும் ஒருமுறை போட்டுப் பார். இப்படிக் கிடைக்கும் டிவைஸை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தால் உன் டி டிரைவ் பழையபடி திறக்கும்.

திறந்ததும் டேலியைத்தான் முதலில் எடு. டேலியில் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டரில் இருக்கும், அதை உள்ளே இருக்கிற எல்லா ஃபைலோடும் அப்படியே எடுக்க வேண்டும், பெயரும் ஃபோல்டரும் குலைந்தால் டேலி அதைத் திறக்காது. ஃபோட்டோரெக் போன்ற, ஃபைலின் முத்திரையைப் பார்த்துத் துண்டு துண்டாகப் பொறுக்கும் மென்பொருள்களை நான் கடைசி வழியாக மட்டும் சொல்வது இதனால்தான்; படங்களை அது கொடுத்துவிடும், பெயர் இல்லாமல் ஆயிரக்கணக்கில் குவித்துக் கொடுக்கும், கணக்குக்கு அது உதவாது. எடுத்த ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் டேலியில் திறந்து, அப்பாவை உட்கார வைத்து கடைசி மாதத்து பில்களைச் சரிபார்க்கச் சொல். படங்களில் சிறியவற்றைத் திறந்து பார்ப்பதோடு நிற்காமல் பெரிய வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பார், புள்ளி தப்பாக விழுந்திருந்தால் அதில்தான் முதலில் தெரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சில வேறுபாடுகள். எஸ்எஸ்டி என்றால் பதிவு போனதால் மட்டும் டேட்டா போகாது, ஆனால் ஃபார்மேட் செய்தால் 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று சொல்லும் ட்ரிம் கட்டளை போய் அந்த இடமெல்லாம் பூஜ்ஜியமாகத் திரும்பி வரும், ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் இரண்டாவது வாய்ப்பு அங்கே இல்லை. நகர்த்தப்பட்டது உபுண்டுவின் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு என்றாலும் மேலே சொன்ன ஒட்டும் முறை அப்படியே பொருந்தும். அதன் சூப்பர்பிளாக் (கோப்பமைப்பின் தலைப்புத் தகவல்) போயிருந்தால் 4 கேபி பிளாக் உள்ள பார்ட்டிஷனில் 32768-வது பிளாக்கில் நகல் இருக்கும், அதைச் சொல்லி இ2எஃப்எஸ்சிகே என்ற சரிபார்க்கும் கட்டளையை ஓட்டலாம், அதுவும் நகலில் மட்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்ட டிரைவ் என்றால் உள்ளே எதுவும் தெரியாது, 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் பெரும்பாலும் டேட்டா போகவில்லை, பார்ட்டிஷன் எண் மாறியதால், விண்டோஸா உபுண்டுவா என்று கேட்டு ஆரம்பித்துவைக்கும் கிரப் தன் ஃபைல்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதை லைவ் பென்டிரைவிலிருந்து மறுபடி நிறுவினால் போதும். ஜிபிடி டேபிளின் முன்பக்கம் மட்டும் கெட்டிருந்தால், ஜிடிஸ்க் என்ற கட்டளை, டிஸ்க்கின் கடைசியில் உள்ள நகலிலிருந்து திரும்ப எழுதித் தரும். உன் கேஸில் மென்பொருள் இரண்டையுமே மாற்றியிருக்கும் என்பதால் அந்த வழியை நான் சொல்லவில்லை.

தம்பி, எல்லாம் வெளியே வந்து இரண்டு இடத்தில் பிரதி இருக்கிறது என்றான பிறகுதான் ஒரிஜினல் டிஸ்க்கை பீரோவிலிருந்து எடு. பழைய டியை அதே இடத்தில் உயிர்ப்பிக்க முயற்சி செய்யாதே. முதல் காரியமாக அந்தப் பார்ட்டிஷன் மென்பொருளை அன்இன்ஸ்டால் பண்ணிவிட்டு, காலியாகத் தெரியும் அந்த இடத்தில் புதிதாக டி டிரைவ் போடு. போடும்போது உபுண்டுவை ஒட்டினாற்போல் 100 ஜிபியைக் காலியாக விட வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட் இடப்பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும் என்பதால் லினக்ஸின் பார்ட்டிஷன் மென்பொருளான ஜிபார்ட்டட்டில் டியை உருவாக்குவது வசதி, முன்னால் எத்தனை எம்பி விட வேண்டும் என்று அதில் கேட்கும். டேட்டாவைப் புது டியில் போட்டபின், பேட்டரி உள்ள லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டி, உபுண்டுவின் வலது ஓரத்தை அந்தக் காலியிடத்துக்குள் நீட்டு. ஆரம்ப இடம் மாறாததால் எந்த டேட்டாவும் நகராது, சீக்கிரமே முடிந்துவிடும். நீ கேட்ட 100 ஜிபி உபுண்டுவுக்குக் கிடைத்துவிடும்.

டிஎம்செட்டப் வரை வந்து மவுண்ட் ஆகவில்லை என்றால், டெஸ்ட்டிஸ்க் காட்டிய இரண்டு பார்ட்டிஷனின் ஆரம்ப செக்டரையும் முடிவு செக்டரையும், சிஎம்பியில் எந்தெந்த இடம் ஒத்துவந்தது என்பதையும் எழுதி அனுப்பு, கணக்குப் போட்டு இரண்டு வரியையும் நானே தருகிறேன்.